மூன்று நாளில் மூன்று மலை: கடலோரத்திலிருந்து வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டிசம்பர் போயாவோடு, அதாவது பௌர்ணமியோடு, சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் தொடங்கிவிட்டால் அட்டன் பக்கம் வீடு இருப்பவர்களின் போன் சும்மா இருக்காது. யாழ்ப்பாணத்துச் சித்தப்பா, மட்டக்களப்பு நண்பர், கொழும்பில் கூட வேலை பார்த்தவர் என்று யார் எடுத்தாலும் ஒரே திட்டம்தான்: தொடர்ந்து மூன்று நாள் லீவு இருக்கிறது, வந்த செலவுக்கு நாளுக்கு ஒரு மலை ஏறிவிட்டுப் போகலாம். போகலாம்தான். ஆனால் எல்லோரும் பயப்படுவது ஏற்றத்துக்கு, மாட்டிக்கொள்வது இறக்கத்தில். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்கள் இவை.

கடல் மட்டத்திலிருந்து நேரே வந்து ஏறினால் உயரத்தால் நோய் வருமா?

பொதுவாக வராது. உயரத்தால் வரும் தலைவலி, வாந்தி, மயக்கம் எல்லாம் வழக்கமாக 2,500 மீட்டருக்கு மேலே போய், அங்கேயே இரவு தங்கும்போதுதான் தொல்லை கொடுக்கத் தொடங்கும். நம் நாட்டிலேயே உயரமான பீதுருதாலகாலையே 2,524 மீட்டர்தான். சிவனொளிபாதமலை 2,243. நுவரெலியா நகரம் 1,868. இந்த உயரத்தில் உங்களுக்குத் தலை வலிக்கிறது என்றால் முதலில் கேட்க வேண்டியது, நேற்று இரவு பஸ்ஸில் தூங்கினீர்களா, காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள், ஏதாவது சாப்பிட்டீர்களா என்பதைத்தான். பத்தில் எட்டுப் பேருக்கு அங்கேயே பதில் இருக்கும் என்பது என் கணிப்பு.

பிறகு ஏன் நாலு படி ஏறியதும் எனக்கு இப்படி இளைக்கிறது?

காற்று கொஞ்சம் மெலிந்திருப்பது உண்மைதான். சிவனொளிபாத உச்சியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான், அங்கே தண்ணீர்கூட 92, 93 பாகையிலேயே கொதித்துவிடும். ஆனால் மலை அடிவாரமான நல்லதண்ணியில் பஸ்ஸை விட்டு இறங்கி முதல் அரை மணி நேரத்திலேயே இளைக்கிறது என்றால் அதற்குக் காற்றைக் குறை சொல்ல முடியாது. வேகம்தான் காரணம். சமதரையில் நடக்கிற வேகத்திலேயே படியிலும் கால் வைக்கிறீர்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வசனமாகப் பேசிக்கொண்டு ஏற முடிகிறதா என்று பாருங்கள். வார்த்தை துண்டு துண்டாக வந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். ஏறும்போது ஊர்க்கதை பேசும் பாட்டிமார் உச்சிக்குப் போய்ச் சேர்வதும், ஓடி ஓடி முந்திய பையன்கள் இடையில் தேநீர்க் கடை வாங்கில் கவிழ்ந்து கிடப்பதும் சீசனில் எந்த இரவிலும் காணக்கூடிய காட்சி.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் காலை கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. ஏன்?

இதுதான் முக்கியமான கேள்வி, இதை யாரும் வருவதற்கு முன் கேட்பதில்லை.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உங்களைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது, அதாவது ஒவ்வொரு படியிலும் பிரேக் பிடிக்கிறது. இப்படி நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போதுதான் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் அதிகம் உண்டாகின்றன. வேடிக்கை என்னவென்றால் இறங்கும்போது மூச்சு வாங்காது, அதனால் சுகமாக இருப்பதாக நினைத்து வேகமாக இறங்கிவிடுவோம். வலி உடனே தெரியாது. மெல்ல மெல்லக் கூடி, ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வரும். அதாவது சனிக்கிழமை செய்த இறக்கத்துக்கான பில் ஞாயிறும் திங்களும்தான் வருகிறது, நீங்கள் அடுத்த மலையின் அடிவாரத்தில் நிற்கிற நேரம் பார்த்து.

கடற்கரைக்காரருக்கு இது கூடுதலாக வருவதற்குக் காரணம் உடம்பில் பலம் இல்லாதது அல்ல. வயலில் நாள் முழுக்க நிற்பவர், வலை இழுப்பவர், தினமும் பத்துக் கிலோமீட்டர் சைக்கிள் மிதிப்பவர் எல்லோருக்கும் இது வரும். அந்த வேலைகளில் தொடைக்குப் பிரேக் பிடிக்கும் பழக்கமே கிடையாது. இங்கே தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வருவதே குறுக்குப் பாதையில் ஏறி இறங்கித்தான்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஒரு தடவை நன்றாக இறங்கி வலி கண்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே மாதிரி இறக்கத்தில் அந்தளவு வலிக்காது. அதனால் அந்த முதல் வலியை ஊரிலேயே வாங்கிக்கொண்டு வருவதுதான் புத்திசாலித்தனம்.

எங்கள் ஊரில் ஏறுவதற்கு ஒரு மேடுகூட இல்லையே, எங்கே பழகுவது?

மாடிப்படி போதும். மூன்று மாடிக் கட்டடம் ஒன்று எங்கேயாவது இருக்கும். பாடசாலையோ, ஆஸ்பத்திரியோ, தெரிந்தவரின் கடையோ. ஏறுவதைப் பற்றிக் கவலைப்படாமல் இறங்குவதை எண்ணுங்கள். மெதுவாக, ஒரு காலை ஊன்றி மற்றக் காலை இறக்க இரண்டு மூன்று வினாடி எடுத்துக்கொண்டு. முதல் நாள் இருபது நிமிடம் போதும், அடுத்த நாள் எப்படியும் நொண்டுவீர்கள். நான்கைந்து நாள் விட்டுவிட்டு மறுபடி. பயணத்துக்கு முன் இதை மூன்று நான்கு தடவை செய்தாலே வித்தியாசம் தெரியும். கடைசித் தடவைக்கும் பயணத்துக்கும் இடையில் ஒரு வாரமாவது இருக்கட்டும்.

வவுனியா, அனுராதபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு மிகிந்தலை இருக்கிறது. 1,840 படி என்று கணக்குச் சொல்வார்கள், இறக்கப் பழக அதைவிட நல்ல இடம் வடக்கில் கிடையாது. திருகோணமலைக்காரர் கோணேசர் கோவில் ஏற்றத்தை நாலு தடவை ஏறி இறங்கினாலும் ஏதோ கொஞ்சம் சேரும்.

எந்த மலையை எந்த நாளில் வைப்பது?

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சிவனொளிபாதத்தை முதல் நாள் வைப்பார்கள். நேர்த்தி முதலில், ஊர் பார்ப்பது அப்புறம் என்கிற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் காலின் கணக்கில் அது தலைகீழ். நல்லதண்ணிப் பக்கத்திலிருந்து உச்சிக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றம், ஏழு கிலோமீட்டர் அளவு பாதை, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். அவ்வளவையும் அப்படியே இறங்கவும் வேண்டும், அதுவும் தூங்காத இரவுக்குப் பிறகு. இதை முதல் நாள் செய்தால் மிச்ச இரண்டு நாளும் விடுதி முற்றத்தில் கதிரை போட்டு உட்கார வேண்டியதுதான்.

நான் சொல்லும் ஒழுங்கு இது. முதல் நாள் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய்த் தொட்டுப்பொல மலை. 2,357 மீட்டர், நாட்டிலேயே மூன்றாவது உயரம், ஆனால் பட்டிப்பொல பக்கத்து வாசலுக்குக் கிட்டவே பாதை தொடங்குவதால் நடை இரண்டு கிலோமீட்டர் அளவுதான். சமவெளியே 2,000 மீட்டருக்கு மேலே இருப்பதால் பெரும்பாலான உயரத்தை வான் ஏறிவிடுகிறது. மூன்றாவது பெரிய மலையை ஏறினேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளவும் செய்யலாம், காலும் பெரிதாகக் கெடாது. நேரம் இருந்தால் 'உலக முடிவு' என்கிற மலை விளிம்புக்கும் போய்வரலாம், அது பெரும்பாலும் மேடு பள்ளமில்லாத நடை.

இரண்டாம் நாள் அதே சமவெளியில் கிரிகல்பொத்த, 2,388 மீட்டர். போக ஏழு, வர ஏழு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளமான நடை, சேறு, வேர், கடைசியில் கொஞ்சம் செங்குத்து, ஆனால் தொடர்ந்து இறங்குகிற இறக்கம் குறைவு. காலை ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போதே அங்கே இருங்கள். பத்து மணிக்குப் பிறகு மூடுபனி ஏறினால் எதிரே நிற்கிற மரையைக்கூடக் காண முடியாது. தனியாகப் போக வேண்டாம். மெல்லிய பொலித்தீன் பைகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு போங்கள்.

மூன்றாம் நாள் சிவனொளிபாதம். நானுஓயாவிலிருந்து ரயிலில் அட்டன், அங்கிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு பஸ். மூன்றாம் நாளுக்குக் கால் கொஞ்சம் களைத்திருந்தாலும் பாதை முழுக்கப் படியும் வெளிச்சமும் கடையும் ஆளும் இருக்கும். முடியாவிட்டால் உட்காரலாம், திரும்பலாம். இறங்கிய பிறகு வேறு மலை இல்லை.

கிரேட் வெஸ்டர்ன் மலையைச் சேர்க்கலாமா என்று இளம் பொடியன்மார் கேட்பார்கள். 2,216 மீட்டர், அதே பெயருள்ள ஸ்டேஷனில் இறங்கித் தேயிலைக்குள்ளால் நடக்கத் தொடங்கலாம், அருமையான மலை. ஆனால் மேலே காட்டுக்குள் படி கிடையாது, செங்குத்தான வழுக்கல் இறக்கம். அதற்கென்று தனியாக ஒரு பயணம் வாருங்கள். சிவனொளிபாதத்துக்கு முதல் நாள் அதை வைக்கவே வேண்டாம்.

பீதுருதாலகாலை?

உச்சி வரை வாகனத்தில்தான் போகலாம். பாதுகாப்பு வலயம், நடந்து ஏற விடுவதில்லை. அடையாள அட்டை கொண்டு போங்கள்.

சூரிய உதயத்துக்காக நடுச்சாமத்தில் ஏறத்தான் வேண்டுமா?

கட்டாயமில்லை, மூன்றாம் நாளில் ஏறுபவர்களுக்கு என் சிபாரிசு பகல்தான். இரவு நன்றாகத் தூங்கி, விடிகிற நேரம் நல்லதண்ணியில் தொடங்கினால் கால் வைக்கிற இடம் தெரியும், வெயிலுக்கு முன் பாதி ஏறிவிடலாம். உதயமும் மேற்கே விழுகிற மலையின் அந்த முக்கோண நிழலும் பார்த்தே ஆக வேண்டும் என்றால் இரவு ஏழு மணிக்கே படுத்து, ஒன்றரை இரண்டு மணிக்குத் தொடங்குங்கள். போயா நாளிலும் சனி இரவிலும் மேல் படிகளில் கூட்டம் இறுகி, கம்பியைப் பிடித்தபடி மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும், சூரியன் உங்களுக்காகக் காத்திருக்காது. முடிந்தால் கிழமை நாளில் வாருங்கள்.

இரவில் ஏறுபவர்கள் செய்கிற இன்னொரு காரியம், உதயத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே உச்சிக்குப் போய்விடுவது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஆறு ஆறரை பாகை குளிர் கூடும். பத்துப் பாகைக்குக் கீழே போவது உச்சியில் சகஜம், அதோடு காற்று. வியர்வையில் ஊறிய பெனியனோடு அந்தக் காற்றில் உட்கார்ந்தால் பல்லுக் கிட்டிக்கும். கடைசித் தேநீர்க் கடையில் நேரத்தைக் கடத்துங்கள். மேலே போவதற்குச் சற்று முன் ஈரப் பெனியனைக் கழற்றிவிட்டு, பையில் பொலித்தீனில் சுற்றி வைத்த காய்ந்த பெனியனைப் போட்டு, அதற்கு மேல் ஜெர்சி. தொப்பி, கையுறை இரண்டும் யாழ்ப்பாணத்தில் வாங்கும்போது பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும், பரவாயில்லை, வாங்குங்கள்.

இறங்கும்போது எப்படிக் கால் வைப்பது?

கொழுந்து நிறுக்க இறங்கிவரும் பெண்களின் காலைப் பாருங்கள். முதுகில் பாரம், காலடியில் ஈரச் சரிவு, ஆனால் அவசரமே இருக்காது. சின்னச் சின்ன அடி, முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடிந்தபடி, பாதம் சற்றுப் பக்கவாட்டில். அவ்வளவுதான் வித்தை. நம்மவர்கள் முழங்காலை விறைப்பாக நீட்டி, குதிகாலால் 'தடக்' என்று இறங்குவார்கள். ஆயிரம் படிக்குள் முழங்கால் உள்ளே நெருப்பு மாதிரி எரியும்.

உயரமான படி வந்தால் நேராக இறங்காமல் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். நூறு படிக்கு ஒரு தடவை எந்தக் கால் முதலில் இறங்குகிறது என்பதை மாற்றுங்கள். கம்பி இருக்கிற இடத்தில் வெட்கப்படாமல் பிடித்துக்கொள்ளுங்கள், பாரத்தில் ஒரு பங்கு கைக்குப் போகும். இல்லாத இடத்துக்கு ஒரு தடி, அல்லது இரண்டு. இறங்கி நிற்கும்போது கால் தந்தியடிக்கிறதா, உட்கார்ந்து ஏதாவது இனிப்பாகச் சாப்பிட்டு அது அடங்கிய பிறகு நடங்கள், விழுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

அப்புறம் கால் நகம். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன் ஒட்ட வெட்டிவிடுங்கள். இறக்கம் முழுக்க விரல்கள் சப்பாத்தின் முனையில் இடித்துக்கொண்டே வரும், நீள நகம் கறுத்துப்போய்ச் சில வாரங்களில் கழன்றுவிடும். சப்பாத்து புதிதாக இருக்கக் கூடாது, இறங்கத் தொடங்கும் முன் கயிற்றை இறுக்கிக் கட்டவும் வேண்டும்.

என்ன சாப்பிடுவது, எவ்வளவு தண்ணீர்?

ஏறுவதற்கு முன்பு கொத்து ரொட்டி வேண்டாம், அது வயிற்றில் கல்லாகக் கிடக்கும். தேங்காய் ரொட்டி, அவித்த மரவள்ளி, வாழைப்பழம், பனங்கட்டித் துண்டு, இதெல்லாம் நடக்கிற உடம்புக்குக் கேட்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், பசி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குளிரில் தாகம் தெரியாது, அதனால் தண்ணீரையும் நேரம் பார்த்துத்தான் குடிக்க வேண்டும். சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் குடித்தது போதாது. பார்மசியில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புக் கரைசல் பாக்கெட் இரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஓடைத் தண்ணீர் பளிங்கு மாதிரித்தான் இருக்கும், மேலே தோட்டமும் லயமும் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம்.

அடுத்த நாளும் ஏற இருப்பவர்களுக்கு இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நல்ல சாப்பாடு முக்கியம். சோறு, பருப்பு, முட்டை. யாத்திரைக்கு விரதமிருப்பவர்கள் முட்டைக்குப் பதில் கடலையும் தயிரும் சேர்த்துக்கொள்ளலாம். குளித்துவிட்டு அப்படியே படுக்காமல் ஊருக்குள் ஒரு பதினைந்து நிமிடம் மெல்ல நடந்துவிட்டு வாருங்கள்.

அட்டை?

கடிக்கும். சாகமாட்டீர்கள். காலுறையில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளுங்கள், இழுத்துப் பிய்க்காமல் நகத்தால் நெம்பி எடுங்கள்.

எந்த மாதம் நல்லது?

அட்டன், மஸ்கெலியா பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. மே மாதத்திலிருந்து தென்மேல் பருவ மழை மேற்குச் சரிவில் கொட்டும், மே மாதப் போயாவான வெசாக்கோடு சீசன் முடிந்து சிவனொளிபாதப் பாதையில் விளக்கும் அணைந்துவிடும். பதுளைப் பக்கத்து நமுனுகுல, கண்டிக்கு அப்பாலுள்ள நக்கிள்ஸ் இரண்டுக்கும் வடகீழ் பருவ மழை நேரமான டிசம்பர், ஜனவரி ஒத்துவராது. ஏப்ரலில் பிற்பகல் இடி மின்னல் வரும், மதியத்துக்கு முன் இறங்கிவிடுங்கள்.

ஒக்டோபர், நவம்பரில் வரவே வேண்டாம் என்பேன். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஒரு லயத் தொகுதியே மண்ணுக்குள் போனது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகம் முழுவதும் வீதியையும் ரயில் பாதையையும் வெட்டிப்போட்டது. பழைய வீடியோவில் பார்த்த பாதை இன்றைக்கும் அங்கே இருக்கும் என்று நம்பி வராமல், அந்த இடத்து ஆட்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசம் பிரதேசமாக மண்சரிவு எச்சரிக்கை விடும், சிவப்பு என்றால் டிக்கெட் காசு போனாலும் போகட்டும்.

அம்மாவுக்கு சீனியும் பிரஷரும் இருக்கிறது. கூட்டிவரலாமா?

டாக்டரிடம் கேளுங்கள், நான் டாக்டர் இல்லை. அவர் சரி என்றால் மூன்று மலை வேண்டாம், ஒன்று போதும். சீனிக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வழக்கமில்லாத நடையில் திடீரென்று சீனி இறங்கி நடுங்குவார்கள், கையில் குளுக்கோஸ் இருக்க வேண்டும், வெறுங்காலோடு ஏறுகிற நேர்த்தியை அவர்கள் தவிர்க்க வேண்டும். நெஞ்சு இறுக்கம், இடது கையில் வலி, உட்கார்ந்தும் அடங்காத மூச்சுத் திணறல் வந்தால் உச்சியைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பாதையில் சீசன் காலத்தில் முதலுதவி இடங்கள் இருக்கும், அங்கே சொல்லுங்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு மூன்றாம் நாள் ஏறலாமா?

எந்த வலி என்பதைப் பொறுத்தது. இரண்டு தொடையும் ஒரே மாதிரி, அமுக்கினால் வலித்து, பத்து நிமிடம் நடந்ததும் இளகிக் கொடுக்கிறதா? அது தசை வலி, மெதுவாக ஏறலாம், மாத்திரையே தேவைப்படாது. ஒரே முழங்காலில், ஒரே புள்ளியில், நடக்க நடக்கக் கூடுகிறதா, வீங்கியிருக்கிறதா? அன்றைக்கு மலை இல்லை. மாத்திரை போட்டால் வலி மறையும், காயம் மறையாது. அதோடு இபுப்ரோஃபென் மாதிரியானவற்றை வெறும் வயிற்றில், தண்ணீர் குறைந்த உடம்பில் போட்டால் வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரிக் கடும் நிறமாக வந்தால் தசை பலமாக அடிபட்டிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இது நேபாளம் போவதற்குப் பயிற்சி ஆகுமா?

காலுக்கு ஆகும், உயரத்துக்கு ஆகாது. எவரெஸ்ட் அடிவார முகாமே 5,364 மீட்டர், அதாவது நம் சிவனொளிபாதத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அங்கே 3,000 மீட்டரைத் தாண்டியதும் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தைக் கூட்டக் கூடாது என்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை உயரத்தைக் கூட்டாமல் நிற்க வேண்டும் என்பதும் வழக்கமான விதி. நாளுக்கு ஒரு மலை என்கிற நம் கணக்கு அங்கே செல்லாது. நம் நாட்டிலிருந்து ஜயந்தி குரு உதும்பால 2016 மே மாதம் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார், ஆகவே சிறு தீவில் பிறந்தது ஒரு தடை இல்லை.

மூன்றாம் நாள் இறங்கியதும் அன்றைக்கே ஊருக்குப் புறப்படலாமா?

பஸ்ஸிலோ ரயிலிலோ என்றால் தாராளமாக. ஒரே இருப்பில் இருக்காமல் இடையிடையே எழும்பி நடங்கள். சொந்த வானில் வந்திருந்தால்தான் எனக்குப் பயம். இரவு முழுக்க மலை ஏறி இறங்கிய அதே ஆள், குளித்துச் சாப்பிட்டுவிட்டு, கினிகத்தேனை வளைவுகளில் ஸ்டியரிங் பிடிப்பார். டிரைவரை மலையில் ஏற்றாதீர்கள். அவரும் ஏறத்தான் வேண்டும் என்றால் அன்றிரவுக்கும் அறையை எடுத்துவிட்டு, அடுத்த நாள் காலை புறப்படுங்கள்.